பல்கலைக்கழக லோகோவுக்கு எதற்கு இத்தனை விதிகள்?

ஒரு லோகோவை நான்கு பேர் மட்டும் பயன்படுத்தினால் அதற்கு விதிப் புத்தகம் தேவையில்லை. வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டாலே போதும். ஆனால் ஒரு பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறை அலுவலகத்தில் கருத்தரங்க போஸ்டர் போடுபவர், ஆய்வகத்தில் பவர்பாயிண்ட் தயாரிக்கும் மாணவி, பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பெயர்ப்பலகை செய்யும் ஒப்பந்தக்காரர், கால்பந்து அணிக்கு ஜெர்சி தைக்கும் கம்பெனி, வேறொரு ஊரில் கூடும் பழைய மாணவர்கள், பொங்கல் விழாவுக்கு டி-ஷர்ட் அடிக்கும் தமிழ் மாணவர் சங்கம் என எல்லார் கையிலும் அதே லோகோதான். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு டிசைன் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவர்களுக்காக எழுதப்படுவதுதான் லோகோ பயன்பாட்டு விதிமுறை. ‘பிராண்ட் கைட்லைன்ஸ்’, ‘கிராஃபிக் ஸ்டாண்டர்ட்ஸ்’, ‘விஷுவல் ஐடென்டிட்டி’ என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான்: எந்தச் சின்னத்தை யார் போடலாம், எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக, சுற்றி எவ்வளவு இடம் விட்டு. பார்த்தால் அழகு சம்பந்தப்பட்ட சமாச்சாரம் போலத் தோன்றும். என்னைக் கேட்டால் அழகு இதில் இரண்டாம்பட்சம். ஒரு தாளைக் கையில் எடுப்பவருக்கு, இதைச் சொல்வது பல்கலைக்கழகமா, அதன் ஒரு துறையா, அங்கே படிக்கும் மாணவர்களா, சம்பந்தமே இல்லாத யாரோவா என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். விதிகளில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

முத்திரை வேறு, லோகோ வேறு

புதிதாக வருபவர்கள் முதலில் குழம்பும் இடம் இது. பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு சின்னம் இருக்கும் என்று நினைத்திருப்போம். உண்மையில் நான்கைந்து இருக்கும்.

வட்டமாக, ஓரத்தில் பெயரும் நடுவில் கேடயமோ புத்தகமோ லத்தீன் வாசகமோ வைத்திருப்பது முத்திரை. பட்டச் சான்றிதழ், ஆட்சிக் குழுவின் ஆவணங்கள், பட்டமளிப்பு விழா மேடை, அத்தோடு அதன் வேலை முடிந்தது. அன்றாடப் புழக்கத்துக்கு இருப்பது லோகோ. இணையதளம், லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, போஸ்டர் எல்லாம் அதன் பாடு. படம் எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் குறிப்பிட்ட எழுத்தில் அமைத்தால் அது வேர்ட்மார்க். விளையாட்டு அணிகளுக்குத் தனிச் சின்னம் இருக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நீண்ட கொம்பு மாட்டுத் தலை அப்படிப்பட்டது.

தாசில்தார் அலுவலக வாசலில் இருக்கும் போர்டை யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம். அவர் மேஜையில் இருக்கும் சீலை எடுத்து நீங்கள் ஒரு தாளில் குத்தினால் கதை வேறு. லோகோவுக்கும் முத்திரைக்கும் உள்ள தூரம் அதுதான். ‘கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே’ என்று கருத்தரங்க அழைப்பிதழில் முத்திரையைப் போடும் துறைக்கு, பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ‘தயவுசெய்து எடுத்துவிடுங்கள்’ என்றுதான் பதில் வரும்.

இந்த வித்தியாசத்தை ஊருக்குப் புரியவைக்க முடியாமல் மாட்டிக்கொண்டது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பத்து வளாகங்கள் கொண்ட பெரிய அமைப்பு அது. அதன் பழைய முத்திரையில் திறந்த புத்தகம், அதற்கு மேல் கதிர் வீசும் நட்சத்திரம், ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்ற பைபிள் வாசகம், 1868 என்ற தொடக்க ஆண்டு எல்லாம் இருக்கும். 2012 கடைசியில் அவர்கள் ஒரு புதிய லோகோவை வெளியே காட்டினார்கள். அடி வளைந்த ‘யூ’ போன்ற நீல வடிவம். அதற்குள் மெல்ல மங்கிக்கொண்டே போகும் ஒரு ‘சி’. விளம்பரத்துக்கும் இணையத்துக்கும் மட்டும்தான் இது, பட்டச் சான்றிதழில் பழைய முத்திரையேதான் இருக்கும் என்று நிர்வாகம் சொன்னது. யார் கேட்டார்கள்? பழைய முத்திரையையும் புதிய லோகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம்தான் எங்கும் சுற்றியது. முத்திரையைத் தூக்கிவிட்டு இதை வைக்கிறார்கள் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். டாய்லெட் ஃப்ளஷ் போல இருக்கிறது, பக்கம் லோட் ஆகும்போது சுற்றுமே அதுபோல இருக்கிறது என்று கேலி கிளம்பியது. எதிர்ப்பு மனுவில் 50,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பருக்குள் லோகோவை நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டார்கள்.

அந்த வரைபடம் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்பது என் கட்சி. பேனரிலும் திரையிலும் அது வேலை செய்திருக்கும். ஆனால் எந்தச் சின்னம் எந்த வேலைக்கு என்று பயன்படுத்துபவர்கள் மனதில் பதியாதபோது, நல்ல வரைபடமும் அடி வாங்கும்.

சின்னத்தை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் வரும். ஹார்வர்டு சட்டப் பள்ளியின் கேடயத்தில் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகள் இருந்தன. அவை ஐசக் ராயல் (Royall) என்பவருடைய குடும்பத்தின் குலச்சின்னத்திலிருந்து வந்தவை. அவர் எழுதிவைத்த சொத்திலிருந்துதான் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி உருவானது. அந்தக் குடும்பத்தின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் வந்தது. 1936 முதல் கேடயத்தில் இருந்த கதிர்கள், மாணவர்கள் கேள்வி எழுப்பிய பிறகு 2016-ல் நீக்கப்பட்டன. புதிய கேடயம் வந்தது 2021-ல். இடையில் ஐந்து ஆண்டுகள் பள்ளிக்குக் கேடயமே கிடையாது. பழைய சின்னம் இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும். கூகுளில் முதலில் வந்த படத்தை எடுத்து ஒட்டக்கூடாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

‘நீலம்’ என்று சொன்னால் போதாது

எந்த விதிப் புத்தகத்தைத் திறந்தாலும் நிறத்துக்கு மட்டும் சில பக்கங்கள் ஒதுக்கியிருப்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் செயலர் அலுவலகப் பெட்டகத்தில் இரண்டு பட்டுத் துண்டுகள் இருக்கின்றன. ‘யேல் நீலம்’ என்பது இதுதான் என்று காட்டுவதற்கு வைத்த மாதிரிகள். இரண்டும் ஒரே துணியிலிருந்து வெட்டியவை அல்ல போலிருக்கிறது. ஆதார மாதிரியே இரண்டு வேறு துணி என்றால், வெளியே எத்தனை நீலம் புழங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைவலிக்கு 1963-ல் பான்டோன் கம்பெனி ஒரு வழி கொண்டுவந்தது. ஒவ்வொரு மைக்கும் ஒரு எண். அச்சகத்துக்காரர் அந்த எண்ணுக்குரிய கலவையைக் கலந்தால், சென்னையிலோ சிகாகோவிலோ அடித்தாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக வரும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ‘எரிந்த ஆரஞ்சு’ பான்டோன் 159. ஆக்ஸ்ஃபோர்டின் கருநீலம் 282.

சரி, எண் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன பிரச்சினை? திரை. அச்சில் நிறம் என்பது காகிதத்தில் படிந்த மை. திரையில் நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீல வெளிச்சங்களின் கலவை. இரண்டுக்கும் நேர்ப்பொருத்தம் கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நீலமும் பான்டோன் 282-தான், ஆக்ஸ்ஃபோர்டின் அதே எண். ஆனால் திரைக்கு ஆக்ஸ்ஃபோர்டு கொடுக்கும் அளவு சிவப்பு 0, பச்சை 33, நீலம் 71. மிச்சிகன் கொடுப்பது 0, 39, 76. ஒரே மை, திரையில் இரண்டு வேறு நீலங்கள். இரண்டு பேரும் தங்கள் கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அதனால் மென்பொருளில் ஒரு எண்ணைப் போட்டு மற்றதை அதுவாக மாற்றிக்கொள்ளும்படி விடக்கூடாது. விதிப் புத்தகத்தில் பான்டோன் மை அச்சுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, நான்கு அடிப்படை மைகளைச் சேர்த்து அடிக்கும் நாலு கலர் அச்சுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பதை அப்படியே எடுத்துப் போட வேண்டும். நாலு கலரில் ஆரஞ்சு அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரையில் பளிச்சென்று இருந்தது காகிதத்தில் அழுக்குச் செங்கல் நிறமாக வந்து நிற்கும்.

நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதில் பணமும் இருக்கிறது. ஸ்மாக் அப்பேரல் என்ற கம்பெனி அமெரிக்காவில் டி-ஷர்ட் விற்றது. பல்கலைக்கழகங்கள் பதிவு செய்து வைத்திருந்த லோகோ எதையும் அதில் அச்சிடவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊதாவும் தங்க நிறமும் மாதிரி, அந்தந்த அணியின் நிறங்கள் மட்டும். கூடவே ரசிகர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி ஆட்டம், ஸ்கோர் பற்றிய குறிப்புகள். லூசியானா, ஓக்லஹோமா, ஒஹாயோ, தென் கலிஃபோர்னியா என நான்கு பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. லோகோவே இல்லையே, அப்புறம் என்ன மீறல் என்பது கம்பெனியின் வாதம். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நிறச் சேர்க்கையும் சுற்றியுள்ள குறிப்புகளும் சேர்ந்தாலே பார்ப்பவருக்கு அந்தப் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும், பல ஆண்டுகளாகச் சம்பாதித்த அடையாளம் அது என்பது தீர்ப்பின் சாரம். நிறத்தைச் சீராக வைத்திருந்ததால்தான் அதை ‘எங்களுடையது’ என்று நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் லோகோ

‘லோகோவை வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன் பாருங்க’ என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம் வந்துவிடும். வந்து சேர்வது பெரும்பாலும் இணையதளத்தின் மூலையிலிருந்து பிடுங்கிய சின்னப் படம். பின்னால் வெள்ளைச் சதுரம் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். கருநீலப் பேனரில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் படம் 200 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியென்றால் இந்தப் படத்தைத் தெளிவாக அச்சிடக்கூடிய அகலம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர், விசிட்டிங் கார்டு மூலைக்குச் சரி. அதையே ஃப்ளெக்ஸ் பேனரில் இரண்டு அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு எட்டு புள்ளிதான் மிஞ்சும். தூரத்தில் நின்று பார்க்கிற பேனருக்கு 300 தேவையில்லைதான். ஆனாலும் எட்டை வைத்துக்கொண்டு எந்த அச்சகமும் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்காகத்தான் வெக்டர் கோப்பு. இதில் படம் புள்ளிகளாக இல்லாமல், ‘இங்கிருந்து இங்கு இப்படி ஒரு வளைவு’ என்ற கணக்காகச் சேமிக்கப்படும். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். எஸ்விஜி, இபிஎஸ், ஏஐ என்று முடியும் கோப்புகள் இந்த வகை. பிடிஎஃப்பிலும் வெக்டர் இருக்கலாம். ஜேபிஜியில் பின்னணி எப்போதும் இருக்கும், பிஎன்ஜியில் பின்னணி இல்லாமல் வைக்க முடியும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

சுற்றி விட வேண்டிய இடத்தை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். லோகோவிலேயே உள்ள ஒரு எழுத்தின் உயரத்தை அளவுகோலாக எடுத்து, நான்கு பக்கமும் அத்தனை இடம் காலியாக இருக்கட்டும் என்பார்கள். லோகோ பெரிதானால் இடமும் தானாகப் பெரிதாகும். நம் சங்க விழா பேனர்களின் அடிப்பகுதியை நினைத்துப் பாருங்கள். மளிகைக் கடை, பிரியாணிக் கடை, வீடு வாங்கித் தரும் ஏஜென்ட், வரிக் கணக்கு பார்ப்பவர், இவர்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு பல்கலைக்கழக லோகோ. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? பல்கலைக்கழகமும் ஒரு ஸ்பான்சர் என்று தோன்றும். அல்லது அந்த ஏஜென்டுக்குப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது என்று தோன்றும். இரண்டாவதைத்தான் நிர்வாகம் தாங்காது. ஸ்பான்சர் வரிசைக்கும் பல்கலைக்கழக லோகோவுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, ‘ஆதரவாளர்கள்’ என்று தனியாகத் தலைப்புப் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

குறைந்தபட்ச அளவு என்றும் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கேடயத்துக்குள் இருக்கும் வாசகம் வெறும் கீறலாகிவிடும். பேனாவில் அச்சிடுவதற்கும் சமூக ஊடகத்தின் வட்டப் படத்துக்கும் சுருக்கமான சின்னம் தனியாக வைத்திருப்பது இதனால்தான். முழுப் பெயரையும் அந்த வட்டத்துக்குள் திணித்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும்.

செய்யக்கூடாதவை என்று ஒரு பக்கம் இருக்கும். இழுத்து நீட்டாதே, சாய்க்காதே, நிறம் மாற்றாதே, நிழல் போடாதே, நெரிசலான புகைப்படத்தின் மேல் வைக்காதே. பெரும்பாலானவர்கள் படிக்கிற ஒரே பக்கமும் இதுதான் என்பது என் சந்தேகம். நீட்டுவது மட்டும் தெரியாமல் நடக்கிறது: பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோணும், மூலைப் புள்ளியைப் பிடித்து இழுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் ரொம்ப தூரம் போனது யேல். எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரிடம் சொல்லித் தங்களுக்கென்றே ஒன்றைச் செய்துகொண்டார்கள். நம் கணினிகளில் இருக்கும் வெர்டானா, ஜார்ஜியா இரண்டையும் வரைந்தவர் அவர்தான். ‘யேல்’ என்றே பெயரிடப்பட்ட அந்த எழுத்துருவுக்கு 15ஆம் நூற்றாண்டு வெனிஸ் அச்சுதான் முன்மாதிரி. வளாகத்தின் பெயர்ப்பலகைகளிலும் அதைப் பார்க்கலாம். வெளியாட்களுக்குக் கிடைக்காது. எல்லாப் பல்கலைக்கழகமும் இந்த அளவுக்குப் போவதில்லை; எந்தக் கணினியிலும் இருக்கும் எழுத்துரு ஒன்றையும் மாற்றாகக் குறிப்பிட்டுவிடுவார்கள்.

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் கொண்டு படிக்கும்போது லோகோவுக்குப் பதிலாக ஒரு வரி காதில் விழும். அதில் ‘லோகோ’ என்று மட்டும் எழுதிவைத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை, பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத வேண்டும்.

பெயரும் சொத்துதான்

படத்தையே தொடாமல் பெயரை மட்டும் போட்டால்? அதற்கும் அனுமதி வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம் 92000ஆம் பிரிவில் ‘யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா’ என்ற பெயர் மாநிலத்தின் சொத்து என்றே எழுதியிருக்கிறது. ஆட்சிக் குழுவின் அனுமதியில்லாமல் அந்தப் பெயரை வைத்து, பல்கலைக்கழகமே ஆதரிப்பது போல ஒரு தோற்றத்தை உண்டாக்கக்கூடாது.

மாணவர் சங்கங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பல இடங்களில் சங்கத்தின் பெயருக்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட விடமாட்டார்கள், பின்னால் வரலாம். முன்னால் வந்தால் பல்கலைக்கழகமே நடத்தும் சங்கம் என்று ஆகிவிடும். பின்னால் வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாணவர்கள் நடத்தும் சங்கம். சங்கம் ஒரு கண்டன அறிக்கை வெளியிடும் நாளில் இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்று இரு தரப்புக்கும் தெரியவரும்.

நம் பக்கத்திலும் பெயர் விவகாரம் ஒன்று நடந்தது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனங்கள் பெயரோடு ‘யூனிவர்சிட்டி’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது, வேண்டுமானால் ‘டீம்டு டு பி யூனிவர்சிட்டி’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் நிறைய. ஒரு சொல் போனால் லோகோ, பேருந்தின் பக்கவாட்டு, விளம்பரப் பலகை, இணையதளம் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

பெயர் ஆசை எல்லை மீறுவதும் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் பெயருக்கு முன்னால் வரும் ‘தி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு, தொப்பி, டி-ஷர்ட் போன்றவற்றுக்காக வர்த்தகக் குறி கேட்டு விண்ணப்பித்து, 2022-ல் வாங்கியும்விட்டது. சிரிக்கலாம். ஆனால் அமெரிக்காவில் கல்லூரி டி-ஷர்ட் என்பது பெரிய வியாபாரம். 1981-ல் தொடங்கிய காலேஜியேட் லைசென்சிங் கம்பெனி போன்றவை பல பல்கலைக்கழகங்களுக்கு இந்த உரிம வேலையைப் பார்க்கின்றன. விற்கும் ஒவ்வொரு பொருளிலும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு போகும்.

எனவே லோகோ தேவைப்பட்டால் முதலில் பல்கலைக்கழகத் தளத்தில் ‘பிராண்ட்’ என்றோ ‘ஐடென்டிட்டி’ என்றோ தேடுங்கள். பவர்பாயிண்டுக்கும் ஆய்வு போஸ்டருக்கும் பெரும்பாலும் அங்கேயே டெம்ப்ளேட் இருக்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. டி-ஷர்ட், கோப்பை, தொப்பி என்று அச்சிட்டால், விற்கவில்லை, இலவசமாகத்தான் கொடுக்கிறோம் என்றாலும் பல இடங்களில் டிசைனை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். உரிமம் பெற்ற அச்சகத்தில்தான் அடிக்கலாம் என்றும் இருக்கும். பொங்கல் விழா ஜனவரியில் என்றால் அந்த மின்னஞ்சலை நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.